போர்ச் தரைக்கு எவ்வளவு ஆகும்?

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் இடது மணிக்கட்டு வீங்கிப்போய், அந்தத் தீபாவளிக்கு முறுக்குப் பிழியவும் இல்லை, கோலம் போடவும் இல்லை. விழுந்த இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். வீட்டு முன்னால் கார் நிற்கும் போர்ச்சும் வீட்டுப் படியும் சேருகிற மூலையில் தரை மூன்று அங்குலம் இறங்கிக் கிடந்தது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். பல வருடமாக நான் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டித்தான் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவால் அப்படித் தாண்ட முடியாது என்பது அவர் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கமுள்ள பிறையில், 20-க்கு 70 அடி நிலத்தில் நிற்கும் ஒரு மாடி வரிசை வீடு. அப்பா 1993-ல் வாங்கினார். போர்ச் தரையை 1996-ல் அவரே நான்கு நண்பர்களோடு சேர்ந்து போட்டார். அவருக்குச் சிமெண்டு வேலை புதிதல்ல. பினாங்குப் பாலம் கட்டிய காலத்தில், 1982-லிருந்து பாலம் திறந்த 1985 வரை, அங்கே கூலி வேலை செய்தவர். அதனால் அவர் போட்ட தரை ஏன் இறங்கியது என்ற கேள்வி எனக்குள் எப்போதும் இருந்தது. அவர் இருந்தபோது அதைக் கேட்க மனம் வரவில்லை.

தீபாவளி முடிந்ததும் மூன்று கண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டேன். மூவரும் வந்தார்கள், நின்று பார்த்தார்கள், போனார்கள். வாட்சாப்பில் விலை வந்தது. முதலாமவர் 6,800 வெள்ளி (ரிங்கிட்). இரண்டாமவர் 9,600. மூன்றாமவர் 12,900. ஒரே போர்ச், ஒரே வாரம். சதுர அடிக்குப் பிரித்தால் ஏறக்குறைய 19, 27, 36 வெள்ளி. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் ஒரே வேலை என்று எடுத்துக்கொண்டது நான். அதைப் புரிந்துகொள்ள ஒரே வழி, கணக்கை நானே போட்டுப் பார்ப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அகலம் 20 அடி, நீளம் 18 அடி. 360 சதுர அடி. கனம் ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். கார் ஏறி இறங்கும் தரைக்கு நான்குக்குக் கீழே போகக் கூடாது, ஐந்து இருந்தால் நிம்மதி. 360-ஐ ஐந்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 150 கன அடி. ஆலையிலேயே கலந்து லோரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைக் கன மீட்டரில் விற்கிறார்கள், ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. ஆக 4.25 கன மீட்டர். கீழே தரை சமமாக இருக்காது, கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் லோரியில் ஒட்டும். பத்து சதவீதம் சேர்த்தால் 4.7. ஆர்டர் கொடுக்கும்போது 5. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அதைப் போட்டுப் பார்த்ததும் என் தலையில் இருந்த பாதிக் குழப்பம் போய்விட்டது.

எனக்குக் கிடைத்த விலை, கிரேட் 25 கான்கிரீட் ஒரு கன மீட்டர் 290 வெள்ளி. முழு லோரி எட்டு கன மீட்டர் அளவுக்கு ஏற்றும். நாம் எடுப்பது ஐந்துதான் என்பதால் குறைந்த லோடுக்கு 150 தனியாக. மொத்தம் 1,600 வெள்ளி. நம் கண்ணுக்குத் தெரியப்போகிற அந்தச் சாம்பல் நிறத் தரை முழுவதும் 1,600 வெள்ளிதான். அப்படியானால் 9,600-ல் மீதி எங்கே போகிறது?

இந்த இடத்தில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இந்தத் தரையில் ஓர் அங்குலக் கனம் என்பது 30 கன அடி, அதாவது 0.85 கன மீட்டர். விலை 250 வெள்ளிகூட இல்லை. ஐந்து அங்குலத்தை நான்காக்கினால் மிச்சமாவது அவ்வளவுதான். உடைப்பு, லோரி, கூலி எதுவும் அதனால் குறையாது. ஆனால் தரையின் பலம் அதைவிட அதிகமாகக் குறைகிறது. வளைவைத் தாங்கும் சக்தி கனத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஐந்தின் வர்க்கம் 25, நான்கின் வர்க்கம் 16. மொத்தச் செலவில் நாற்பதில் ஒரு பங்கை மிச்சம் பிடித்து, பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டுக்கொடுக்கிறோம். யாராவது கனத்தைக் குறைத்து விலையைக் குறைக்கலாம் என்றால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பிக்கு வருவோம். நம் ஊரில் எல்லோரும் பிஆர்சி என்று சொல்லும் பற்றவைத்த கம்பி வலைதான் போர்ச்சுக்கு. ஏ7 என்றால் 7 மில்லிமீட்டர் கம்பி, 200 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம். ஒரு தாள் 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம். 20 அடி என்பது 6.1 மீட்டர். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் விட்டால் தாள் வெட்டாமலே உட்காரும். 18 அடிக்கு மூன்று தாள், ஒன்றின்மேல் ஒன்று ஒரு அடி ஏறியிருக்க வேண்டும். கடையில் ஒரு தாள் 130 வெள்ளி சொன்னார்கள். மூன்று தாள், கட்டுக்கம்பி, கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கான்கிரீட் வில்லைகள், அடியில் விரிக்கும் பிளாஸ்டிக், எல்லாம் சேர்த்து 520. இதில் மிக மலிவான பொருள் அந்த வில்லைதான், பல இடங்களில் போடாமல் விடுவதும் அதைத்தான். வில்லை இல்லாமல் மண்மேல் கிடக்கும் கம்பி, கான்கிரீட்டுக்குள் இல்லை. அதற்குக் கொடுத்த காசு தண்ணீரில் போட்ட காசு.

அப்புறம் உடைப்பு. பழைய தரை நான்கு அங்குலம் என்று வைத்தால் 120 கன அடி, 3.4 கன மீட்டர். கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன். எட்டு டன்னுக்கு மேல் இடிபாடு! அதைத் தள்ளுவண்டியில் தள்ளி, மூன்று டன் லோரியில் மூன்று நடை ஏற்றி, கொட்ட அனுமதி உள்ள இடத்தில் கொட்ட வேண்டும். தாமான் (குடியிருப்பு) ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போகும் குவியல்களை நாம் பார்க்கிறோமே, அவை யாரோ ஒருவரின் மலிவான கொட்டேஷனிலிருந்து வந்தவை. எங்கே கொட்டுவீர்கள் என்று மூவரையும் கேட்டேன். ஒருவர்தான் இடத்தின் பெயரைச் சொன்னார். உடைப்புக்கும் அகற்றுவதற்கும் நான் 2,200 வைத்தேன். என் கணக்கிலேயே பெரிய தொகை அதுதான், கான்கிரீட்டைவிடப் பெரியது.

தரைக்குக் கீழே அமுக்கிப் போடும் க்ரஷர் ரன், அதாவது உடைத்த கல்லும் கல்தூளும் கலந்தது, ஆறு அங்குலம். அது 5 கன மீட்டர், அமுக்கிய பிறகு கன மீட்டருக்கு 2.1 டன் என்று கணக்கிட்டால் 11 டன் வர வேண்டும். லோரி, குத்தும் இயந்திரத்தின் வாடகை எல்லாம் சேர்த்து 900. கல்லும் மணலும் லோரியில்தான் வருகின்றன என்பதால் டீசல் விலை இங்கே நேராக ஏறும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குப் போனது நினைவிருக்கும். அதற்கு முன் என் மச்சான் தன் வீட்டுக்கு வாங்கிய கொட்டேஷனை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டிருந்தால் எல்லாமே தப்பாகியிருக்கும். இன்னொருவரின் பழைய விலையை எடுக்காதீர்கள். அளவை எடுங்கள், விலையை இந்த வாரம் கடையில் கேளுங்கள். அளவு மாறாது.

பலகை அடிக்க 200. ஆள் கூலி, தயார் செய்ய ஒரு நாள், ஊற்ற ஒரு நாள், நான்கு பேர், ஆளுக்கு 180 என்றால் 1,440. மறுநாள் இயந்திரத்தால் கோடு வெட்ட 200. எல்லாம் கூட்டினால் 7,060 வெள்ளி. கண்ட்ராக்டருக்கு லாபம் வேண்டும், மழை வந்தால் ஒரு நாள் கூலி வீணாகும், அதையும் அவர்தான் தாங்க வேண்டும். இருபது சதவீதம் சேர்த்தேன். 8,470 சொச்சம்.

இப்போது அந்த மூன்று விலைகளையும் எடுத்து மறுபடி பார்த்தேன்.

6,800 என்பது நான் போட்ட அடக்க விலைக்கும் கீழே. அவர் நல்ல மனிதர், நம் ஆள், தாமானில் நிறைய வேலை செய்தவர். போன் போட்டுக் கேட்டேன். "உடைக்கிறது எதுக்கு தம்பி? இருக்கிற தரை கெட்டியாத்தான் இருக்கு. மேலேயே மூணு இஞ்சி ஊத்திரலாம், லெவல் வந்துரும்," என்றார். அவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தரை வீட்டுப் பக்கம் மூன்று அங்குலம் இறங்கியிருக்கிறது, கேட் பக்கம் ஓர் அங்குலம்தான். மேலே ஊற்றினால் இங்கே மூன்று, அங்கே ஒன்று. ஓர் அங்குலக் கான்கிரீட்டின்மேல் காரை ஏற்றினால் அப்பளமாக நொறுங்கும். தவிர, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் மண்ணின்மேல் இன்னும் நான்கு டன் பாரம். பழைய வெடிப்பு அதே கோட்டில் புதுத் தரையிலும் மேலே வரும்.

12,900 கேட்டவர் போர்ச்சுக்கு அடியில் பாக்காவ் (அலையாத்தி) மரத்தூண் அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. பிறை, பட்டர்வொர்த் கடலோரப் பகுதிகளில் அடியில் இருப்பது மென்மையான கடல் களிமண். தீவில் ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் கீழே கருங்கல் சிதைந்த மண், அங்கே கவலை வேறு மாதிரி. இங்கே வீடு நிற்பது ஆழத்தில் அடித்த பைலிங் தூண்கள்மேல். போர்ச் நிற்பது வெறும் மண்மேல். வீடு இறங்காது, போர்ச் இறங்கும். அதனால்தான் நம் தாமான்களில் எந்த வரிசை வீட்டைப் பார்த்தாலும் படிக்கும் போர்ச்சுக்கும் நடுவே ஒரு வெடிப்பு ஓடுகிறது. அப்பா வேலை செய்த பாலமும் கடலுக்கடியில் ஆழமாக ஊன்றிய தூண்களில்தான் நிற்கிறது. அதே கையால் போட்ட எங்கள் போர்ச்சுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

மச்சான் சிவில் இன்ஜினியர். அவனை வரவழைத்துக் காட்டினேன். அவன் தரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். வீட்டின் அடிச்சுவரில் பழைய தரை ஒட்டியிருந்த சிமெண்டுக் கறை, அதற்குக் கீழே தரை இறங்க இறங்க அம்மா பூசிவைத்த பெயிண்டு வரிகள். 2005 வாக்கில் அடித்த பெயிண்டின் அடிவரி, இப்போதைய தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இருந்தது. "மூணுல ரெண்டு அப்பவே இறங்கிருச்சு. இனி இறங்கினாலும் மெதுவாத்தான் இறங்கும். தூணுக்குக் கொடுக்கிற காசை அடிமண்ணுக்குக் கொடு. ஆனா ஒண்ணு, புதுத் தரையை வீட்டோட கம்பி போட்டுக் கட்டாதே," என்றான்.

அதுதான் எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை. பலர் பலம் என்று நினைத்து, வீட்டுப் பீமில் துளை போட்டுக் கம்பி செருகிப் புதுத் தரையை அதோடு பிணைக்கச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் அசையாமல் பிடித்துக்கொண்டு மறு பக்கம் இறங்கினால் தரை பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒடியும். இரண்டுக்கும் நடுவே அரை அங்குல நுரைத் தாள் வைத்து, மேலே ரப்பர் மாதிரி இளகும் பூச்சு அடைத்துவிட்டால் தரை தனியாக மேலும் கீழும் போகும். அந்தத் தாளுக்கும் பூச்சுக்கும் ஆன செலவு நூறு வெள்ளிக்குள்.

நான் 9,600 சொன்ன சீன அங்கிளைத் தேர்ந்தெடுத்தேன். நடுவிலையை எடுப்பது புத்திசாலித்தனம் என்பதற்காக இல்லை. அவருடைய தாளில் மட்டும் ஒரு வரி இருந்தது: உடைத்த பிறகு கீழே மண் கெட்டுப்போயிருந்தால் கூடுதல் க்ரஷர் ரன் டன்னுக்கு 80 வெள்ளி, பரப்பிக் குத்தும் கூலி உட்பட, டி.ஓ. (லோரியோடு வரும் டெலிவரி ஆர்டர் சீட்டு) காட்டப்படும். மற்ற இருவரும் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த மாதிரி விலை போட்டிருந்தார்கள். இவர், தெரியாது என்பதை எழுதி, அதற்கும் விலை எழுதியிருந்தார். ஒரு கொட்டேஷனில் நான் இனித் தேடப்போவது அந்த வரியைத்தான். கனம், கான்கிரீட் கிரேட், கம்பி வகை, உடைப்பு, கொட்டும் இடம், சரிவு எந்தப் பக்கம், அதோடு இந்த வரி. ஒரே தொகையாக எழுதித் தந்தால் அது கொட்டேஷனே இல்லை.

முன்பணம் இருபது சதவீதம் கேட்டார். சரி என்றேன். பக்கத்து வரிசையில் ஒருவர் பாதிப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு, உடைத்த வாசலோடு நான்கு மாதம் காத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். வேலை ஆரம்பிக்கும்முன் அங்கிள் சிஐடிபி என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தவர்தானா என்றும் பார்த்துக்கொண்டேன். 1994-ம் ஆண்டின் 520-வது சட்டப்படி கட்டுமான வேலை எடுப்பவர் அங்கே பதிந்திருக்க வேண்டும். செபராங் பிறை மாநகர மன்றத்திலும் போய்க் கேட்டேன். பழைய தரையை எடுத்துப் புதுத் தரை போடுவது ஒரு விஷயம். கூரை, தூண், சுவர் என்று ஏதாவது சேர்த்தால் 1974-ம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வருகிறது, வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். கேட்டுக்கொண்டு செய்வதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கேட்டுக்கு வெளியே இருக்கும் லோங்காங் (சாக்கடை) மன்றத்துடையது, அதன்மேல் நாமாக மூடி போட வேண்டாம்.

சீனப் புத்தாண்டு ஜனவரி 29-ல் வந்தது. அதற்குமுன் முடிக்காவிட்டால் பிப்ரவரி நடுவில்தான் ஆள் கிடைக்கும் என்று அங்கிள் சொல்லிவிட்டார். ஜனவரியில் இங்கே மழையும் குறைவு. 2025 ஜனவரி 9-ல் உடைக்க ஆரம்பித்தார்கள்.

உடைத்த முதல் நாள் மதியம் அங்கிள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். படிக்குப் பக்கத்தில் தரையின் ஒரு துண்டைத் தூக்கியிருந்தார்கள். கீழே மண் இல்லை. என் கை முழங்கைவரை உள்ளே போனது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் மண்ணுக்குள் உடைந்து, எத்தனையோ வருட மழை மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக லோங்காங்குக்குக் கொண்டுபோயிருக்கிறது. மீதி இருந்தது கருப்புச் சேறு. அப்பா போட்ட கான்கிரீட்டின் உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கனம் ஒரே மாதிரி இல்லை, ஓர் இடத்தில் இரண்டரை அங்குலம், இன்னோர் இடத்தில் ஐந்து. கம்பிவலை கிடையாது, எங்கிருந்தோ கொண்டுவந்த துண்டுக் கம்பிகள். ஆனால் கல்லும் சிமெண்டும் பிடித்த பிடி விடவில்லை. உடைக்கிற இந்தோனேசியத் தம்பி, "கெராஸ், அபாங்," என்று மூன்று முறை சொன்னான். கெட்டி, அண்ணே. கீழே மண்ணே இல்லாமல் அத்தனை காலம் எங்கள் காரைத் தாங்கியிருக்கிறது அந்தத் தரை. அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அப்பா போட்டதில் குறை இல்லை அம்மா, குழாய் உடைந்திருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் வாசலில் நின்று அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேற்றை அள்ளி எடுத்து நிரப்ப ஐந்து டன் க்ரஷர் ரன் கூடுதலாக வந்தது. 400 வெள்ளி. தாளில் எழுதியபடியே. குழாயை மாற்றவும், போர்ச் நடுவில் இருந்த கழிவுநீர்த் தொட்டியின் மூடியைப் புது மட்டத்துக்கு உயர்த்தவும் 350. அந்த மூடியை நான் என் கணக்கில் விட்டுவிட்டேன். நாள்தோறும் அதன்மேல் காரை நிறுத்தியதால் கண்ணில் படவில்லை. நீங்கள் அளக்கும்போது காரை வெளியே எடுத்துவிட்டு அளங்கள். மூடி, தண்ணீர் மீட்டர், குழாய்கள் எல்லாம் எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

பொங்கல் அன்று வாசல் முழுக்கக் கல்லாக இருந்ததால் அம்மா பானையைப் பின்பக்கம் வைத்தார். 18-ம் தேதி சனிக்கிழமை காலை ஊற்றினார்கள்.

லோரி வந்ததும் டி.ஓ.வை வாங்கிப் பார்த்தேன். கிரேட், அளவு, கலவை ஆலையை விட்டுக் கிளம்பிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். கிளம்பி ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். எங்களுக்கு வந்தது நாற்பது நிமிடத்தில். இறக்கும்போது, கலவை கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விட்டால் வேகமாக ஓடும் என்று ஒருவர் ஹோஸைத் தூக்கினார். அங்கிள் கத்திய கத்தலில் அவர் ஹோஸைக் கீழே போட்டுவிட்டார். கிரேட் 25 என்றால் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் என்று பொருள். அந்த எண்ணுக்குத்தான் நாம் 290 வெள்ளி கொடுக்கிறோம். ஹோஸில் வரும் தண்ணீர் இலவசம், ஆனால் அது அந்த எண்ணைத்தான் கரைக்கிறது. நான் பக்கத்தில் நின்று கம்பிவலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்கள் மிதிக்க மிதிக்க அது கீழே போகும், கொக்கியால் இழுத்து மேலே தூக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுப் படியிலிருந்து கேட்வரை இரண்டே முக்கால் அங்குலச் சரிவு, எண்பதுக்கு ஒன்று. மேற்பரப்பை வழவழப்பாக்காமல் துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொன்னேன். அம்மாவின் கால் வழுக்கக் கூடாது. மறுநாள் காலையில் ஒன்றேகால் அங்குல ஆழத்தில் குறுக்காகவும் நெடுக்காகவும் ஒவ்வொரு கோடு வெட்டி நான்கு கட்டமாக்கினார்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும், வெடிக்கத்தான் செய்யும். அது நாம் வெட்டிய கோட்டுக்குள் வெடிக்கட்டும் என்பதற்காக அந்த வெட்டு.

அதன்பின் ஏழு நாள், காலையும் மாலையும் ஈரச் சாக்கு. எந்தக் கொட்டேஷனிலும் இதற்கு வரி இல்லை. செலவு, அரிசிக் கடையில் வாங்கிய பழைய சாக்குகளும் தண்ணீர்க் காசும். ஏழு நாளில் கான்கிரீட் தன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைகிறது, ஈரம் இருந்தால்தான். பினாங்கு வெயிலில் விட்டுவிட்டால் மேல்தோல் காய்ந்து பொடியாகும். அங்கிளின் ஆட்கள் போய்விட்டார்கள், சாக்கை நனைப்பது வீட்டுக்காரர் வேலைதான். காரை 28 நாள் தெருவில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) தன் வீட்டு முன்னால் இடம் விட்டுக் கொடுத்தார்.

பின்கட்டு வேலையையும் சொல்லிவிடுகிறேன், அங்கே கணக்கு தலைகீழாகிறது. சமையலறைக்குப் பின்னால் 20-க்கு 7 அடி, நான்கு அங்குலம். 1.3 கன மீட்டர்தான். இதற்கு ரெடிமிக்ஸ் கூப்பிட்டால் குறைந்த லோடுக் கட்டணம் கான்கிரீட் விலையைத் தின்றுவிடும், லோரியும் பின்சந்துக்குள் நுழையாது. அதனால் கையால் கலப்புதான். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு மணல், நான்கு கல் என்ற கலவைக்குக் கன மீட்டருக்கு ஆறேகால் மூட்டை சிமெண்டு, மூட்டை 50 கிலோ. எட்டேகால் வரும், பத்து வாங்கினேன். மணல் 0.6, கல் 1.2 கன மீட்டர். பொருள் செலவு அறுநூறு வெள்ளிகூட ஆகவில்லை. கொத்தனாரும் இரண்டு ஆட்களும் சந்து முனையிலிருந்து மணலைச் சுமந்து, கலந்து, ஊற்றி முடிக்க மூன்று நாள், கூலி 1,500. சின்ன வேலைக்குச் சின்ன விலை என்று எதிர்பார்த்துப் பேரம் பேசுகிறோம். அங்கே நாம் கொடுப்பது கான்கிரீட்டுக்கு இல்லை, சுமப்பதற்கு.

முன்வாசலுக்கு மொத்தம் 10,350 வெள்ளி ஆயிற்று. நான் முதல் ஞாயிற்றுக்கிழமை போட்ட கணக்கைவிட 1,900 அதிகம். அதில் 750-க்கு ரசீதும் காரணமும் என்னிடம் இருக்கின்றன. மீதி அங்கிளின் லாபம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். அவர் அந்தக் கத்தலுக்கே அதை வாங்கியிருக்கலாம்.

சாக்கை எடுத்த மறுநாள், ஜனவரி 26, ஞாயிறு. அம்மா விடியற்காலையில் படியிறங்கி, தரை காய்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோலம் போட்டார். துடைப்பக் கோட்டில் மாவு நன்றாகப் பிடிக்கிறது என்றார்.

வீட்டுச் சுவரில், புதுத் தரையின் மட்டத்தில், நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் வைத்து அளந்து தேதியோடு எழுதுகிறேன். பத்து மாதம் ஆகிறது. இரண்டு மில்லிமீட்டர்.